ஆவணி ஒண்ணாந்தேதி குடுத்த அனுமதி

அண்ணே, இங்க குடிக்கத் தண்ணி எங்கண்ணே வச்சிருக்காங்க? அந்த மூலையில ஒரு கேன் இருக்கு, தொறந்தா காத்துதான் வருது. ஐயோ, உங்க பாட்டிலையே குடுக்குறீங்களே. வேண்டாம்னுதான் சொல்லணும், ஆனா சொல்ற நிலைமையில நான் இல்ல. நாக்கு மேல ஒட்டிக்கிட்டு பேச்சே வர மாட்டேங்குது. அண்ணாந்துதான் குடிக்கிறேன், எச்சி படாது.

போதும்ணே. நல்லா இருப்பீங்க.

உங்கள எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க? பதினொண்ணா? எனக்கும் பதினொண்ணுதான். இப்ப மணி பத்து நாப்பது. எம் பொண்ணு எதிர்க்கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா. ஆதார் ரெண்டு பக்கமும் வேணுமாம். கடையில கூட்டம் போல. இருக்கட்டும், அவ மெதுவாவே வரட்டும். அவ வந்துட்டா உள்ள போகணும். உள்ள போனா... கையப் பாருங்கண்ணே, எப்படி நடுங்குது பாருங்க. இருபத்தி ரெண்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன் நான். எதிர்ல லாரி வரும்போது ரெண்டு கையையும் ஸ்டியரிங்க விட்டு எடுத்து முகத்தப் பொத்திக்கிட்ட பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து, ‘பதறாதம்மா, கிளட்ச மிதி’ன்னு சொன்னவன். இன்னிக்கு என்னைப் பாருங்க. வந்ததுலேருந்து மூணு தடவ பாத்ரூம் போயிட்டு வந்துட்டேன்.

பேரு சௌந்திரபாண்டி. ஊரு திண்டுக்கல். நீங்க இந்தக் கோயம்புத்தூர் பக்கம்தான? பேச்சுலயே தெரியுது. என்ன விஷயமா வந்தீங்க? பையன் விஷயமாவா. சரி சரி. இந்தக் காலத்துப் பசங்க போன்ல எதையாவது அமுக்கி வச்சிருப்பானுங்க. நீங்க பயப்படாதீங்க. சின்னப் பசங்க பண்றத சைபர் போலீஸ்ல பெருசா எடுக்க மாட்டாங்க. நம்ம வயசு ஆளுங்க பண்ணினாத்தான் அசிங்கம்.

யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு இங்கேயே நெஞ்சு வெடிச்சிரும்ணே. நீங்க யாரோ, நான் யாரோ. இன்னியோட சரி. உங்ககிட்ட சொன்னா எங்க போயிரப் போகுது.

எம் பொண்ணு பேரு அபிநயா. ஒரே பொண்ணு. இங்க ஒரு விளம்பரக் கம்பெனில டிசைன் வேலை, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. அவ காலேஜ் சேர்ந்தப்ப, எல்லாப் பிள்ளைகளும் படம் போட்டுப் பேசிக்கிற ஆப்புல இருக்கு, எனக்கும் வேணும்ப்பான்னு கேட்டா. நான் மாட்டேன்னு சொல்லல. நானே உக்காந்து ஆரம்பிச்சுக் குடுத்தேன். என் போன் நம்பரப் போட்டு. என் டிரைவிங் ஸ்கூல்ல எல்.எல்.ஆர். பரீட்சை பழகுறதுக்கு பெரிய போன் மாதிரி ஒரு டேப் வச்சிருக்கேன், அதுலதான் ஆரம்பிச்சது. அப்புறம் அவ போன்லயும் போட்டுக் குடுத்தேன். டேப்புல இருந்தத மட்டும் எடுக்கல. அவ்வளவுதான்.

மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. மறக்கல. டிரைவிங் ஸ்கூல் கார் பார்த்திருப்பீங்கள்ல? கத்துக்குறவங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கும், பக்கத்துல உக்கார்ற என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். வண்டி ஓட்டுறது அவங்கதான். நான் கால மட்டும் வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன். அது தப்பா? இதுவும் அப்படித்தான். தினம் சாயங்காலம் கடைசி பேட்ச் போனதும், டீ குடிச்சுக்கிட்டே ஒரு பத்து நிமிஷம் பார்ப்பேன். என்ன படம் போட்டிருக்கா, யாரு என்ன எழுதியிருக்கா, இவ என்ன பதில் சொன்னா. பார்க்குறது மட்டும்தான். எதையும் தொட மாட்டேன்.

காய்ச்சல்னு எவளோ ஒரு ஃபிரெண்டுக்கு எழுதியிருப்பா. நான் அன்னிக்குப் போன் பண்ணி, ‘என்னமோ மனசு சரியில்லம்மா, உடம்பு நல்லா இருக்கா’ம்பேன். ‘எப்படிப்பா உங்களுக்கு மட்டும் தெரியுது’ன்னு ஆச்சரியப்படுவா. எனக்கு அப்படியே உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருக்கும். பெத்த மனசும்மா, அதுக்குத் தெரியாம எப்படிப் போகும்னு சொல்லுவேன். எங்க வீட்டம்மா வளர்மதிக்கு மட்டும் இது பிடிக்காது. ‘வயசுப் பொண்ணு பெட்டியத் தொறந்து பார்க்குற வேலை இது’ம்பா. அவளுக்கு என்னண்ணே தெரியும், வெளி உலகம் கெட்டுக் கிடக்குறது.

இந்த வைகாசி வாக்குல ஒருத்தன் பேரு அடிக்கடி வர ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல கூட வேலை பார்க்குற பையன். ‘சாப்பிட்டியா’, ‘பஸ் கிடைச்சுதா’, ‘மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்தியா’. தப்பா ஒரு வார்த்தை கிடையாது, அத நான் சொல்லிடுறேன். அதுதான் எனக்கு பயம். அசிங்கமா எழுதுறவன இவளே செருப்பால அடிச்சுத் துரத்திருவா. குடை எடுத்தியான்னு கேக்குறவன என்ன பண்றது?

அவ பிறந்தநாளுக்கு ஆபீஸ் பிள்ளைங்க நாலு பேரு சேர்ந்து மருதமலைக்குப் போயிருக்காங்க. இவ பேரு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணியிருக்காங்க. போட்டோவுல அந்தப் பையன் வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கிட்டு இவ பக்கத்துல நிக்கிறான். எனக்கு அன்னிக்கு டீ எறங்கல. ஆள் விட்டு விசாரிச்சேன். நம்ம ஆளுக இல்ல. நான் அதெல்லாம் பார்க்குறவன் இல்லண்ணே, என் காருல யாரு வேணா உக்காரலாம், எல்லாருக்கும் ஒரே ஸ்டியரிங்தான். ஆனா வீடு, சொந்தம்னு ஒண்ணு இருக்குல்ல. அப்பா ஏதோ ரைஸ் மில்லுல கூலி வேலையாம்.

பையன் பேரா? கோகுல்நாத்.

பார்த்துண்ணே, பாட்டில் மூடி கீழ விழுந்துருச்சு. இருங்க, நான் எடுக்குறேன். சுகர் இருக்கா? காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?

சரி, கேளுங்க. சீக்கிரம் ஒரு நல்ல இடம் பார்த்து முடிச்சிரணும்னு முடிவு பண்ணினேன். என்கிட்ட கார் பழகுன ஜோசியர் ஒருத்தர்தான் சொன்னாரு, ‘ஏழாமிடம்’னு ஒரு ஆப்பு வந்திருக்கு, ஜாதகத்தப் போட்டா பத்துப் பொருத்தமும் அதுவே பார்த்து வரன் காட்டுதுன்னு. அப்ப ஆடி மாசம். ஆடியில இதெல்லாம் ஆரம்பிக்கலாமா? பொறுத்திருந்தேன். ஆவணி ஒண்ணாந்தேதி, சாயங்காலம் நாலே முக்கால்லேருந்து அஞ்சே முக்கால் நல்ல நேரம். பழக வந்தவங்கள அரை மணி நேரம் வெளியில உக்கார வச்சிட்டு, ஆபீஸ்ல முருகன் படத்துக்கு சூடம் காட்டி, டேப்ப எடுத்தேன்.

அது பேரு கேக்குது, நம்பர் கேக்குது, பாஸ்வேர்டு வைங்குது. பெரிய எழுத்து ஒண்ணு வேணும், சின்ன எழுத்து ஒண்ணு வேணும், நம்பர் வேணும்னு பாடாப் படுத்துது. மூணு தடவ போட்டேன், மூணு தடவயும் சிவப்பா திட்டுது. நல்ல நேரம் ஓடிக்கிட்டே இருக்கு. அப்பத்தான் கீழ இன்னொரு பட்டன் கண்ணுல பட்டுச்சு. ஏற்கனவே இருக்குற கணக்க வச்சே உள்ள வரலாம்னு. அமுக்கினேன். வட்டமா எம் பொண்ணு போட்டோ வந்து, ‘அபிநயாவாகத் தொடரவும்’னு காட்டுச்சு. அவ மூஞ்சியப் பார்த்ததும் எனக்கு அது நல்ல சகுனமாவே பட்டுச்சு. அடுத்து ஒரு பக்கம் பூராவும் எழுத்து. உங்க படங்களப் பார்க்க, நண்பர்கள் பட்டியல எடுக்க, உங்க பேருல பதிவு போடன்னு என்னென்னமோ. அடியில ‘அனுமதி’.

அண்ணே, நான் டிரைவிங் ஸ்கூல்காரன். ஒரு லைசென்ஸுக்கு எத்தன ஃபாரம், எத்தன கையெழுத்து! வர்றவங்க படிக்க ஆரம்பிச்சா நானே சொல்லுவேன், ‘அதெல்லாம் படிச்சா இன்னிக்கு வேலை ஆகாது சார், பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கேன் பாருங்க, அங்கெல்லாம் போடுங்க’ன்னு. ஊரையே படிக்காம கையெழுத்துப் போட வச்சவன் நான். அந்த வினை என்னையே சுத்திக்கிச்சு. அஞ்சு பத்துக்கு அனுமதிய அமுக்கினேன்.

பத்து நாள்ல ரெண்டு வரன் காட்டுச்சு. ஒருத்தனுக்கு செவ்வாய் தோஷம், இன்னொருத்தனுக்கு என் வயசு. கடுப்பாகி அந்த ஆப்ப டேப்புலேருந்து அழிச்சிட்டேன். அழிச்சிட்டேன்ல? அதோட போச்சுன்னுதான யாரும் நினைப்பாங்க?

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் காலையில அபி போன் பண்ணினா. எடுத்தா அழுகை. எம் பொண்ணு அழுது நான் கேட்டே வருஷமாச்சு. ‘அப்பா, என் அக்கவுண்டுக்குள்ள எவனோ இருக்கான்ப்பா’ன்னா. அவ அக்கவுண்டுல அவ பேருலயே ஒரு பதிவு வந்திருக்கு. ‘என் ஜாதகத்துக்குப் பொருந்தும் வரன் தேடுகிறேன். நட்சத்திரம் பூரட்டாதி, ராசி கும்பம். விருப்பமுள்ளவர்கள் உடனே பேசவும்.’ அவளுக்குத் தெரிஞ்ச அத்தன பேருக்கும் தனித்தனியா அதே செய்தி போயிருக்கு. மேனேஜருக்கு, காலேஜ் புரொபசருக்கு, எல்லாருக்கும். கூடவே படங்க. ஹாஸ்டல்ல நைட்டியோட, மூஞ்சி பூராவும் கேக்க அப்பிக்கிட்டு சிரிக்கிற படம், நாலஞ்சு ஃபிரெண்டுக மட்டும் பார்க்குற மாதிரி அவ வச்சிருந்தது. அது ஊருக்கே தெரியுது. முகம் தெரியாத ஆம்பளைங்க நூத்துக்கணக்குல எழுதுறானுங்க. ஒருத்தன் ஹாஸ்டல் பேரச் சொல்லி, ‘வாசல்ல நிக்கிறேன், வா’ன்னு எழுதியிருக்கான். அவ ஜன்னலெல்லாம் அடைச்சிட்டு கட்டில்ல உக்காந்திருக்கா.

நட்சத்திரம், ராசி அவனுக்கு எப்படித் தெரியும்னு உங்களுக்குத் தோணுதுல்ல? எனக்கும் தோணுச்சு. தோணாம இருக்குமா? ஆனா நான்தான் அழிச்சிட்டேனே, அழிச்சது எப்படிப் பேசும்னு மனச அடக்கிக்கிட்டேன். பாஸ்வேர்ட மாத்தும்மான்னேன். மாத்தினா. நம்பர் என்னோடதுங்குறதால ஓ.டி.பி. கோடு எனக்குத்தான் வரும், நான்தான் வாசிச்சுச் சொன்னேன். மறுநாள் மறுபடியும் பதிவு. மறுபடியும் மாத்தினா, மறுபடியும் கோடு சொன்னேன். மறுபடியும் பதிவு. மூணு தடவ. போன்ல வைரஸ்னு ஒரு கடைக்காரன் சொன்னான், போனையே மொத்தமா துடைச்சு எடுத்தாங்க. அவ காலேஜ் போட்டோ பூராவும் போச்சு. அப்பவும் நிக்கல. பேய் பிடிச்ச மாதிரி அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கு. அவளுக்கு சோறு எறங்கல, தூக்கம் இல்ல. எனக்கும்தான். நான் டேப்புல பார்த்துக்கிட்டே இருக்கேன், எவனோ எம் பொண்ணு பேருல பேசுறான், என்னால ஒண்ணும் பண்ண முடியல.

கடைசில அவ ரூம்ல இருக்குற ரெஜினாங்குற பொண்ணுதான் கண்டுபிடிச்சா. ‘நீ பூட்டத்தான் மாத்துற, யாருக்கோ தனியா சாவி குடுத்து வச்சிருக்கியான்னு பார்த்தியா’ன்னு கேட்டிருக்கா. செட்டிங்ஸுக்குள்ள போனா ஒரு பட்டியல் இருக்காம், வெளி ஆப்பு எதெதுக்கு நாம அனுமதி குடுத்திருக்கோம்னு. அத ரத்து பண்ணினாத்தான் நிக்குமாம். பாஸ்வேர்டு மாத்தினாலும் நிக்காது, ஆப்ப அழிச்சாலும் நிக்காது. பார்த்தா ஒரே ஒரு பேரு. ‘ஏழாமிடம்.’ அனுமதி குடுத்த தேதி ஆகஸ்ட் பதினேழு, மாலை அஞ்சு பத்து. ரெஜினா ரத்து பண்ணினா. அந்த நிமிஷமே எல்லாம் அடங்கிருச்சு.

அபி உடனே எனக்குப் போன் பண்ணி தேதியச் சொன்னா. எனக்குக் காலண்டர் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல. நல்ல நேரம் பார்த்துப் பண்ணுன காரியம், எப்படி மறக்கும்?

சொல்லிரலாம்னுதான் வாயத் தொறந்தேன்ணே. முருகன் சத்தியமா தொறந்தேன். அதுக்குள்ள அவ சொல்றா, ‘அப்பா, அன்னிக்கு சாயங்காலம் என் போன் ரிப்பேர்ல இருந்துச்சு. கோகுலோட லேப்டாப்லதான் லாகின் பண்ணினேன். அவனுக்கு என் நட்சத்திரம் தெரியும், மருதமலையில பக்கத்துல நின்னான். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, உனக்கு மாப்பிள்ளை பார்க்கட்டுமான்னு கிண்டல் வேற பண்ணினான். அந்த நாய்தான்ப்பா பண்ணிருக்கான்’னா.

நான் வாய மூடிட்டேன்.

நீங்க என்னை என்ன நினைச்சாலும் சரி, உள்ளதச் சொல்றேன். அந்த நேரத்துல எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு. எந்தப் பையன நினைச்சு மூணு மாசமா நான் தூங்கலையோ, அவன எம் பொண்ணே நாய்ங்குறா. நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம், பேசாம இருந்தா போதும். ‘இவனுங்கள விடக்கூடாதும்மா’ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைண்ணே. அந்தச் சனியன் பிடிச்ச வார்த்தைதான் இங்க கொண்டு வந்து உக்கார வச்சிருக்கு.

ஏன்னா அவ விடல. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா, அவங்க அவன வேலைய விட்டு நிறுத்தி வச்சிட்டாங்க. அப்புறம் நேரா போலீஸ். நான் பதறிப் போய், போலீசெல்லாம் எதுக்கும்மா, பேரு கெட்டுரும்னேன். ‘நீங்கதானப்பா விடக்கூடாதுன்னு சொன்னீங்க’ங்குறா.

மூணு நாள் முன்னாடி எஸ்.ஐ. மேடம் எனக்குப் போன் பண்ணினாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. ‘எந்த மிஷின்ல இருந்து அந்த அனுமதி போச்சுன்னு கம்பெனிக்கு எழுதியிருக்கோம் சார், பதில் வந்துரும். அக்கவுண்டு உங்க நம்பர்ல இருக்குறதால நீங்களும் வந்துருங்க. அந்தப் பையனையும் வரச் சொல்லியிருக்கோம்’னாங்க. அன்னிலேருந்து நான் மனுஷனா இல்லண்ணே. கார் பழக வந்த பொண்ணு ஒண்ணு வண்டியப் பள்ளத்துல எறக்கிருச்சு, என் கால் பிரேக்க மிதிக்கவே இல்ல. வளர்மதிகிட்ட உண்மையச் சொன்னேன். அவ என்னை ஏற எறங்கப் பார்த்துட்டு, ‘அங்க போய் உள்ளதச் சொல்லிட்டு வீட்டுக்கு வா, இல்லன்னா வராத’ன்னுட்டா. முப்பது வருஷத்துல அவ என்னை அப்படிப் பேசினதில்ல.

டேப் இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. மடியில கனம் இருந்தா வழியில பயம்பாங்க, எனக்கு ரெண்டும் சேர்ந்தே வருது. வர்ற வழியில அமராவதிப் பாலம் வந்துச்சு. ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுரலாம்னு பைக்குள்ள கைய விட்டேன். ஜன்னல் கண்ணாடி சிக்கிக்கிட்டு நகரல. பாலமும் முடிஞ்சிருச்சு.

என்னண்ணே? அந்தப் பையன் பண்ணலையான்னா கேக்குறீங்க? பண்ணலண்ணே. அவன் எதையும் தொடக்கூட இல்ல. நான்தான் சொல்றேனே.

அவன் எழுதினதெல்லாம் படிச்சேன். ஆமா, இன்னும் பார்க்குறேன். டேப்புல இன்னும் தொறந்துதான் இருக்கு, பாஸ்வேர்டு மாத்தினப்பக்கூட அது மூடிக்கல, ரெஜினா அந்த ஆப்ப எடுத்ததோட நிறுத்திக்கிட்டா, நல்ல வேளை. இவ அவனுக்குப் பதிலே போடுறதில்ல. அவன் மட்டும் எழுதிக்கிட்டே இருக்கான். ‘அபி, எங்கப்பா மேல சத்தியமா நான் பண்ணல. என்னை நம்ப வேண்டாம், என்னன்னு ஒரு தடவ கேளு. போலீஸ் வீட்டுக்குப் போன் பண்ணினதுலேருந்து எங்கப்பா சாப்பிடல. மில்லுல எல்லாரும் கேக்குறாங்கன்னு வேலைக்கும் போகல.’ முந்தாநாள் எழுதியிருந்தான், ‘நான் செத்தாத்தான் நம்புவியா’ன்னு.

அத வாசிச்சதுலேருந்துதான் எனக்கு இந்த நடுக்கம். போலீஸுக்கு பயமில்லன்னு சொல்லல, இருக்கு. ஆனா அந்தப் பையன் ஏதாவது பண்ணிக்கிட்டான்னா? யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்பாங்க. நான் படிச்சேன்னு ஒத்துக்கணும். அதனால யாருகிட்டயும் சொல்லல. ரெண்டு நாளா பல்லக் கடிச்சுக்கிட்டு டேப்பத் தொறந்து தொறந்து பார்க்குறேன், அவன் பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி எரியுதான்னு. எரிஞ்சா உயிரோட இருக்கான்னு அர்த்தம். நேத்து பூராவும் அப்படியே போச்சு.

ஏண்ணே கண்ணத் துடைக்கிறீங்க? ரொம்ப இளகுன மனசு உங்களுக்கு. உள்ள போய் சொல்லுவேனான்னு கேக்காதீங்க. தெரியல. அபி பக்கத்துல இருக்கும்போது எப்படிச் சொல்ல? ஜெயில்ல போட்டாக்கூட பரவாயில்ல. அவ மூஞ்சியப் பார்க்கணுமே. ஒரு வேளை கம்பெனிக்காரன் பதிலே போடாம விட்டுட்டான்னா, அது பாட்டுக்கு ஆறிப் போயிரும். அந்தப் பையனுக்கு வேற வேலை கிடைக்கும். படிச்ச பையன்தான.

கான்ஸ்டபிள் வெளிய வர்றாரு. ஐயோ, என்னையா? இல்ல, இல்ல. ‘கோகுல்நாத்தோட அப்பா வந்துட்டாரா’ன்னு கேக்குறாரு. அந்தாளு இங்கதான் இருக்காரா? எங்க? இவ்வளவு நேரமா நான்...

அண்ணே, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க?

அண்ணே.

கான்ஸ்டபிள் சார், ஒரு நிமிஷம், இதோ வந்துருவாரு. ஒரே நிமிஷம் சார்.

முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னீங்க. பையன் விஷயமான்னு சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல. அடிச்சிருங்கண்ணே. இங்கேயே அடிங்க, யாரு பார்த்தாலும் பரவாயில்ல. கூலி வேலைன்னு நான் சொன்னது... அத மனசுல வச்சுக்காதீங்க, பயத்துல என்னென்னமோ உளறிட்டேன். பையன் உள்ளதான் இருக்கானா? நல்லா இருக்கான்ல? நேத்து சாப்பிட்டானா?

நீங்க போய் எல்லாத்தையும் சொல்லிருங்க. நான் மறுக்க மாட்டேன். நீங்க சொல்லிட்டா எனக்கும் பாரம் எறங்கிரும். என்ன, மாட்டீங்களா? ஏன்? ‘பொண்ணு முன்னாடி ஒரு அப்பன நான் காட்டிக் குடுக்க மாட்டேனுங்க, நீங்களே சொல்லுங்க, அது வரைக்கும் இங்கயே நிக்கிறேன்’னா? அண்ணே, அதுக்கு நீங்க என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

அவ வந்துட்டா. கேட்டத் தாண்டி வர்றா பாருங்க, நீலச் சுடிதார். டீ வேற வாங்கிட்டு வர்றா எனக்கு.

வாம்மா அபி. மாத்திரை போட்டாச்சும்மா. வேர்க்கல, ஒண்ணும் இல்ல. ஆமா, இவருதான் தண்ணி குடுத்தாரு. அவருக்கு நன்றியெல்லாம் சொல்லாதம்மா. சொல்லாதன்னு சொல்றேன்ல! டீய அவருக்குக் குடு. அவரு ரொம்ப நாளா சரியா சாப்பிடல.

நீ உக்காரு. சும்மா உக்காரும்மா. அந்த ஏழாமிடம் ஆப்பு இருக்குல்ல, அதுக்கு அனுமதி குடுத்தது கோகுல்நாத் இல்ல. நான். ஆவணி ஒண்ணாந்தேதி, நம்ம ஆபீஸ்ல உக்காந்து, இந்தக் கையாலதான் அமுக்கினேன். உனக்கு ஒரு நல்ல இடம் அமையட்டும்னு பண்ணினேன். அது இப்படிப் போய் முடியும்னு தெரியாது. தெரிஞ்ச பிறகும் சொல்லல. இவரு அந்தப் பையனோட அப்பா.

திட்டும்மா. உள்ள போய் நானே எழுதிக் குடுத்துடுறேன். அந்தப் பையனுக்கு வேலை திரும்பக் கிடைச்சிரும். கால்ல வேணா விழுறேன். ஒரு பட்டன்தானம்மா, தெரியாம அமுக்கிட்டேன், எல்லாம் சரியாயிரும்.

என்ன கேட்ட?

அண்ணே, இவ பட்டனப் பத்திக் கேக்கலண்ணே. ‘என் அக்கவுண்டு உங்க டேப்புல எப்படிப்பா தொறந்து இருந்துச்சு’ன்னு கேக்குறா.

இருந்துச்சும்மா. நான்தான ஆரம்பிச்சுக் குடுத்தேன். எத்தன நாளாவா? காலேஜ் சேர்ந்ததுலேருந்து. தினமும் எல்லாம் இல்ல. தினமும்தான். எல்லாத்தையும் படிக்க மாட்டேன், மேலோட்டமாத்தான். இல்லம்மா, உன் மேல சந்தேகப்பட்டு இல்ல. பயத்துலம்மா. அம்மாவுக்குத் தெரியும். கைய விடு, கைய விடுன்னு ஏன் சொல்ற? நான் அப்பாதான? வேத்து ஆளா?

சரி, விட்டுட்டேன். விட்டுட்டேம்மா.

இந்தா டேப்பு, நீயே வச்சுக்க. வேண்டாமா? சரி, பெஞ்சுல வைக்கிறேன்.

அண்ணே, அவ உங்க கூடத்தான் உள்ள வர்றேங்குறா. கூட்டிட்டுப் போங்க. அந்தப் பையன் பக்கத்துல உக்கார வைங்க. பயந்திருப்பா, கொஞ்சம் பார்த்துக்கங்க. நானும் வரணும்ணே, வந்து எழுதிக் குடுக்கணும். ஆனா அவ திரும்பிப் பார்க்கவே மாட்டேங்குறா. நான் கூப்பிட்டா நிக்க மாட்டா, நீங்க கேட்டா பதில் சொல்லுவா.

நான் உள்ள வரலாமான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கண்ணே. அவ சொல்ற வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்.